வடலூரில் இரண்டு வாசல்கள்

வியாழன், திருப்பாதிரிப்புலியூர்

மாதப் பூசம் சனிக்கிழமை வருகிறது. பூசத்தன்று போய் அன்றிரவே திரும்புகிற வழக்கம் பெரியம்மாவுக்குக் கிடையாது. முன்னாலேயே வடலூருக்குப் போய், வள்ளலார் தொடங்கிய அன்னதானக் கூடமான தருமச்சாலையில் காய் நறுக்கிக் கொடுத்து, பூசம் பார்த்து, அவர் கடைசியாக இருந்த மேட்டுக்குப்பத்துக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் வீடு திரும்புவார். இந்த முறை துணைக்கு நான். புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கும் எங்கள் மெஸ்ஸைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பேர்போன மெஸ். வஞ்சிரக் குழம்புக்கென்றே வருகிற ஆட்கள் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. வடலூரில் இது ஒரு விவகாரம்.

இரவு கடலூரில் சித்தப்பா மகள் வீட்டில் தங்கல். பெரியம்மா படுத்துவிட்டார். எனக்கு அவ்வளவு சீக்கிரம் தூக்கம் வராது என்பதால் பாடலீசுவரர் கோயில் பக்கம் நடந்தேன்.

இந்த ஊருக்கு மடம் என்பது புதிதல்ல. அப்பர் கரையேறிய தலம் என்று சைவத்தில் பெயர் வாங்குவதற்கு முன்பே இது சமணர்களின் கல்வித்தலம். கி.பி. 458-இல், காஞ்சியில் சிம்மவர்மன் ஆண்ட 22-ஆம் ஆண்டில், அன்று பாடலிகை எனப்பட்ட இந்த ஊரில் சர்வநந்தி என்ற முனிவர் உலக அமைப்பைப் பற்றிப் பிராகிருதத்தில் ஒரு நூலை எழுதி முடித்தார். அந்த மூலம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் சிம்மசூரி செய்த வடமொழி ஆக்கம்தான் கைக்கு வந்திருக்கிறது. சுழியத்தையும் சேர்த்து எண்களை இட மதிப்பில் எழுதியதற்கு, காலம் தெரிந்த மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாகக் கணித வரலாறு எழுதுகிறவர்கள் அதைக் காட்டுகிறார்கள். கடலூர்க்காரர்கள் இதை வெளியே சொல்லிக்கொள்வதே இல்லை. வேறு ஊராக இருந்திருந்தால் பஸ் நிலைய வாசலில் சிமெண்டில் ஒரு பெரிய பூஜ்யம் நின்றிருக்கும்.

அந்தப் பள்ளியில்தான் திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரோடு தலைமை ஏற்றிருந்தார். சூலை நோய் வந்தது, திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் ஓடினார், சைவரானார். அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்ததும், கல் மிதந்ததும், அவர் இங்கே கரை சேர்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன் பின்பாதியைத்தான் யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. மனம் மாறிய பல்லவ மன்னன், இதே ஊரான பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுபோய்த் திருவதிகையில் குணபரவீச்சரம் என்று ஒரு கோயில் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். ஒரு மடம் முடிந்துபோனதைப் பக்தியோடு சொல்லும்போது அதற்குத் திருப்பணி என்று பெயர் வந்துவிடுகிறது.

ஞானியார் மடம் இதே ஊரில்தான் இருக்கிறது. ஐந்தாம் பட்டத்தில் இருந்த ஞானியார் அடிகள் (1873–1942) தமிழும் சைவமும் பேசிப் பேசியே ஒரு தலைமுறையை வளர்த்தவர். 1905-இல் சைவ சித்தாந்த சமாஜம் தொடங்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. மடத்துக்கு ஒரு பீடம் உண்டு, பீடத்தில் ஒருவர், அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று பட்ட வரிசை உண்டு. நாளைக்குப் போகிற இடத்தில் இவை எதுவுமே கிடையாது.

வெள்ளி, வடலூர்

குறிஞ்சிப்பாடி தாண்டியதும் மண் சிவக்க ஆரம்பித்துவிடுகிறது. முந்திரித் தோப்பு, பலா, இடையிடையே சவுக்கு. சவுக்கைப் பார்த்தாலே நான் விறகுக் கணக்குப் போடுவேன். அது தொழில் வியாதி.

வடலூர் நாற்சந்தியில் இறங்கிப் பெரியம்மா நேராகத் தருமச்சாலைக்கு நடந்தார். ‘முதலில் சத்திய ஞான சபையைப் பார்க்க வேண்டாமா?’ என்று கேட்டேன். ‘சபை நாளைக்கு. முதலில் அடுப்பு’ என்றார். அவர் போகிற வரிசைதான் வரலாற்று வரிசையும்கூட என்பது பிறகுதான் உறைத்தது.

வள்ளலார் என்று நாம் சொல்கிற இராமலிங்க அடிகள் 1823-இல் சிதம்பரம் பக்கத்து மருதூரில் பிறந்தார், சென்னையில் வளர்ந்தார். 1858 வாக்கில் கருங்குழிக்கு வந்து தங்கினார். வடலூரின் ஒரு பகுதியான பார்வதிபுரத்து மக்கள் எண்பது காணி நிலத்தை அவருக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கு மேல். அந்த நிலத்தில் முதலில் எழுந்தது கோயிலும் அல்ல, மடமும் அல்ல. 1867 மே 23 அன்று, வைகாசி 11, அவர் இங்கே ஓர் அடுப்பைப் பற்றவைத்தார். வழிபாட்டுக்கான சபை வந்தது ஐந்து வருடம் கழித்து.

அந்த அடுப்பு அதற்குப் பிறகு அணையவில்லை.

நீளம் இருபத்தொரு அடி, அகலமும் ஆழமும் இரண்டரை அடி. சுற்றுலா வந்தவர்கள் ஒரு நிமிடம் எட்டிப் பார்த்து, கும்பிட்டு, நகர்ந்துவிடுகிறார்கள். நான் நகரவில்லை. பள்ளத்துக்குள் ஒரு முனையில் கனமான கட்டைகள், நடுவில் தணல், மறுமுனையில் அப்போதுதான் செருகிய விறகு இன்னும் பட்டை உரியாமல் புகைந்துகொண்டிருந்தது. மேலே அண்டாக்கள். ஒன்றில் உலை கொதித்து விளிம்பில் நுரை கட்டியிருந்தது. சமைத்துக்கொண்டிருந்த பெரியவர் விறகை இழுத்துத் தீயைக் குறைக்கவில்லை. பக்கத்து அண்டாவுக்குக் கீழே கட்டையைத் தள்ளிவிட்டார், அவ்வளவுதான். நீண்ட அடுப்பின் சூட்சுமம் அதுதான். தீ ஒன்றே. அதை இடம் மாற்றிக்கொண்டே இருக்கலாம். காஸ் அடுப்பில் நாங்கள் நான்கு திருகாணிகளோடு படுகிற பாட்டை இவர் ஒரு கட்டையின் தலையைத் தட்டி முடித்துவிடுகிறார்.

‘ராத்திரியில் எப்படிக் காப்பாற்றுவீர்கள்?’ என்று கேட்டேன்.

‘கனத்த கட்டையாகப் பார்த்து உள்ளே தள்ளிச் சாம்பலை மேலே இழுத்து விட்டுவிடுவோம். காலையில் கிளறினால் உயிரோடு இருக்கும். மெல்லிசு விறகு போட்டால் எரிந்து ஓடிவிடும், ஐயா. வேகமாக எரிகிறது எதுவும் விடியும் வரை நிற்காது.’

பிறகு என்னைக் கொஞ்சம் உற்றுப் பார்த்து, ‘நீங்கள் சமையல்காரரா?’ என்று கேட்டார். பார்வை அடுப்பை விட்டு அண்டாவுக்குப் போகிறவனைத் தொழில்காரன் கண்டுபிடித்துவிடுவான். மெஸ் என்று சொன்னேன். என்ன மெஸ் என்று அவர் கேட்கவில்லை.

எனக்கு மனத்தில் இருந்த பெரிய சந்தேகம் அரிசியைப் பற்றியது. எங்கள் மெஸ்ஸில் ஒரே கடை, ஒரே ரகம், அதிலும் மூட்டை மாறினால் தண்ணீர் அளவு தப்பிவிடும். இங்கே அரிசி காணிக்கையாக வருகிறது. ஒருவர் பச்சரிசி கொண்டுவருகிறார், ஒருவர் புழுங்கல், மூன்றாமவர் போன மாதம் அறுத்த புது நெல்லைக் குத்திக் கொண்டுவருகிறார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் பாதி குழையும், பாதி விதையாக நிற்கும்.

பெரியவர் சிரித்தார். ‘கையில் எடுத்துக் கடித்துப் பார்ப்போம். புது அரிசி எல்லாம் காலைப் பொங்கலுக்கும் கஞ்சிக்கும் போய்விடும், அதற்குக் குழைவதுதான் அழகு. பழைய அரிசி மத்தியானச் சாதத்துக்கு. எந்தப் பக்கமும் சேராததை எலுமிச்சை, தக்காளி என்று கலந்த சாதமாக்கிவிடுவோம். கொண்டுவந்ததை வேண்டாம் என்று சொல்கிற வழக்கம் இங்கே இல்லை. சாப்பிட வருகிறவனையும் வேண்டாம் என்று சொல்வதில்லையே.’

கல்யாணச் சமையல்காரர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். சரக்குக்கு ஏற்றபடி சமையலை மாற்றுகிறவர்கள் அவர்களில் அபூர்வம். பட்டியல் போட்டுச் சரக்கு வரவழைப்பதுதான் நம் பழக்கம். இங்கே சரக்கு வந்த பிறகுதான் பட்டியல்.

மத்தியானப் பந்தியில் பெரியம்மாவும் நானும் உட்கார்ந்தோம். எனக்கு இடது பக்கம் கட்டட வேலைக்கு வந்த வட இந்தியப் பையன், வலது பக்கம் மஞ்சள் பை வைத்திருந்த கிழவர், எதிரில் சின்னக் குழந்தையோடு ஒரு பெண். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. டோக்கன் இல்லை, பெயர் எழுதுவது இல்லை, ஊர் விசாரிப்பது இல்லை. சோறு, சாம்பார், ஒரு பொரியல், ரசம், மோர். சாம்பாரில் பூசணிக்காய். புளி கொஞ்சம் தூக்கல். தொழில்காரன் என்ற முறையில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். சாதம் பதமாக இருந்தது, கட்டி இல்லை. நூற்றுக்கணக்கான பேருக்கு வடித்து, அடி அண்டா வரை ஒரே பதம் வருவது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். கிழவர் மூன்றாம் முறை சோறு வாங்கினார். பரிமாறியவர் முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. எங்கள் மெஸ்ஸில் ‘அளவில்லாச் சாப்பாடு’ என்று பலகை தொங்குகிறது. மூன்றாம் முறை கேட்கிறவரிடம் எங்கள் பையன் முகத்தை எப்படி வைத்துக்கொள்வான் என்பது எனக்குத் தெரியும். ஊருக்குப் போனதும் அவனோடு பேச வேண்டும்.

பஞ்சக் காலத்துக் காரியம் இது என்பதை மறந்துவிடக் கூடாது. அடுப்பு மூட்டுவதற்கு முந்தைய வருடம், 1866-இல், சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம். பத்து வருடம் கழித்துத் தாது வருஷப் பஞ்சம். கும்பினி போய் ராணி ஆட்சி வந்திருந்தும், தானியம் ரயிலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த நாளில் வள்ளலார் பசியைப் பற்றி எழுதும்போது, அது உடம்பில் எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது, கண் எப்படி மங்குகிறது, அறிவு எப்படி மயங்குகிறது, சாப்பிட்டதும் எது முதலில் திரும்புகிறது என்று வைத்தியக் குறிப்பு எழுதும் கவனத்தோடு எழுதியிருக்கிறார். பக்கத்திலிருந்து பார்க்காமல் அப்படி எழுத முடியாது.

பந்தி முடிந்து பெரியம்மா காய் நறுக்கும் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். நானும் ஓர் அரிவாள்மணையைப் பிடித்தேன். கத்தரிக்காயை நான் நறுக்குகிற வேகத்தைப் பார்த்து அங்கிருந்த அம்மாக்கள் ஆளுக்கொரு கூடையை என் பக்கம் தள்ளிவிட்டார்கள்.

சனி, சத்திய ஞான சபை

இன்றைக்குத்தான் அந்த விவகாரம்.

சபை எண்கோண வடிவம். தெற்கு பார்த்த வாசல். 1871-இல் கட்டத் தொடங்கி, 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று வழிபாடு தொடங்கியது. தமிழ்நாட்டில் கோயில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே எதுவுமே பிடிபடாது. கோபுரம் இல்லை, கொடிமரத்தடியில் நந்தி இல்லை, மூலவர் இல்லை. உள்ளே பொற்சபை, சிற்சபை என்று இரண்டு பக்கங்கள். நடுவே விளக்கு, அதன் முன் கண்ணாடி, கண்ணாடிக்கு முன் ஏழு திரைகள். கருமை, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கடைசியில் எல்லா நிறமும் கலந்த ஒன்று. அறிவை மறைக்கிற ஏழு திரைகள் அவை. விலகினால் சோதி. தைப்பூசத்தன்று ஏழும் விலகும். மாதப் பூசத்தில் ஆறு.

வாசலில் ஒரு வாசகம் இருக்கிறது. கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும். சாதி என்ன, சமயம் என்ன என்று கேட்காத இடத்தில் இந்த ஒரு நிபந்தனை உண்டு. உயிரைக் கொல்லக் கூடாது, புலால் தின்னக் கூடாது. யாரும் நிறுத்திச் சத்தியம் வாங்குவதில்லை. அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டார்கள். அதுதான் சங்கடம். காவலாளி கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன்.

‘உள்ளே வருகிறாயா?’ என்றார் பெரியம்மா.

‘இல்லை பெரியம்மா. வெளியில் நிற்கிறேன்.’

வற்புறுத்தவில்லை. அவர் என்றைக்குமே எங்கள் மெஸ்ஸில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

வெளியில் நிற்கும்போது யோசிக்க நேரம் கிடைக்கிறது. வள்ளலார் மனிதர்களை அக இனம், புற இனம் என்று பிரித்தார். புலால் தவிர்த்தவர்கள் அக இனம். நான் புற இனம், சந்தேகமே இல்லை. நேற்று நான் சாப்பிட்ட இடத்தில் இந்தப் பிரிவுக்கு வேலையே இருக்கவில்லை. புற இனத்தாருக்கும் பசி நீக்கியே ஆக வேண்டும் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். சபைக்கு வர நிபந்தனை உண்டு, சோற்றுக்கு இல்லை. ஒரே மனிதர், ஒரே நிலத்தில், கூப்பிடு தூரத்தில் இரண்டு வாசல்களை இப்படி வைத்திருக்கிறார். நிபந்தனை இல்லாத வாசலை முதலில் திறந்திருக்கிறார். கொள்கையைக் கொஞ்சம் தளர்த்தி என்னையும் உள்ளே விட்டிருந்தால் எனக்கு அவர் மேல் இவ்வளவு மரியாதை வந்திருக்காது.

சபை நடைமுறைக்கு அவர் 1872 ஜூலையில் எழுதிய விதிகளில் ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். உள்ளே பெருக்கவும் விளக்கு வைக்கவும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள் அல்லது எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட பெரியவர்கள்தான் போக வேண்டும். குருக்கள் என்ற ஒரு வர்க்கத்துக்கே அங்கே வேலை இல்லாமல் செய்துவிட்டார். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். ‘எனக்கு எழுபத்து நான்கு. தகுதி வந்து இரண்டு வருடம் ஆகிறது. முழங்கால்தான் ஒத்துழைக்காது’ என்றார். முழந்தாளிட்டுத்தான் பெருக்க வேண்டும் என்பதும் விதி.

விதி எழுதிவைத்தால் போதுமா? சபைக்குள் காலப்போக்கில் லிங்க வழிபாடும் அர்ச்சனையும் நுழைந்துவிட்டன. வள்ளலார் வகுத்தபடி சோதி வழிபாடு மட்டுமே நடக்க வேண்டும் என்று இந்து சமய அறநிலையத் துறை 2006-இல் உத்தரவிட, வழக்கு நடந்து, 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை உறுதி செய்தது. உருவம் வேண்டாம் என்று சொன்னவரின் வீட்டுக்குள்ளிருந்து உருவத்தை வெளியே எடுக்க அரசு உத்தரவும் நீதிமன்றமும் தேவைப்பட்டிருக்கின்றன.

சபையைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்துக்குப் பெருவெளி என்று பெயர். இங்கே நின்றால் ஒரு காலத்தில் சிதம்பரத்தின் நான்கு கோபுரங்களும் தெரியும் என்பார்கள். இன்று எனக்குத் தெரிந்தது செல்பேசிக் கோபுரம். இந்தப் பெருவெளியில்தான் தமிழக அரசு நூறு கோடி ரூபாய்த் திட்டமாக வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024-இல் அடிக்கல் நாட்டியது. நிலம் கொடுத்தவர்களின் வழிவந்த பார்வதிபுரத்துக்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள், விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. டீக்கடையில் இரண்டு தரப்பும் உட்கார்ந்திருந்தது. ‘வெளிநாட்டிலிருந்து வருகிறவன் தங்க ஓர் இடம் வேண்டாமா?’ என்றார் ஒருவர். ‘தங்க ஊரெல்லாம் இடம் இருக்கிறது. நிற்க இந்த ஒரு இடம்தான்’ என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

நான் டீக்கடைக்காரர் கட்சி. தைப்பூசத்தன்று இங்கே லட்சக்கணக்கில் ஆள் சேர்கிறது. அவ்வளவு பேரும் ஒரே நேரத்தில் ஒரு விளக்கைப் பார்க்க வேண்டும். அதற்கு மண்டபம் கட்ட யாராலும் முடியாது, அதனால்தான் அவர் கட்டவில்லை. வெறுமனே கிடக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைக்கிற இடம் அன்றைக்கு ஒரு நாள் முழு வேலை செய்கிறது. பந்தி முடிந்ததும் காலியாகக் கிடக்கும் கூடத்தைப் பார்த்து, இங்கே இரண்டு அறை தடுத்துவிடலாமே என்று எங்கள் மெஸ்ஸிலும் யாராவது யோசனை சொல்வதுண்டு.

இரவு எட்டு மணி வாக்கில் சோதி தரிசனம். ‘அருட்பெருஞ்சோதி, அருட்பெருஞ்சோதி, தனிப்பெருங்கருணை, அருட்பெருஞ்சோதி’ என்று கூட்டம் ஒரே குரலில் சொல்லிக்கொண்டிருந்தது. மணி, மேளம் எதுவும் இல்லாததால் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. வெளியிலிருந்து, பல தலைகளுக்கு நடுவில், எனக்கும் கொஞ்சம் தெரிந்தது. திரை ஒன்று விலகும், அடுத்த நிறம் வரும், அது விலகும். ஒரு சின்ன வெளிச்சம். எனக்கு முன்னால் தோளில் பெண் குழந்தையை வைத்திருந்த இளைஞர், ‘தெரிகிறதா, தெரிகிறதா?’ என்று அவளைக் கேட்டுக்கொண்டே இருந்தார். தெரிகிறது என்று அவள் கடைசி வரை சொல்லவில்லை. திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு, மேட்டுக்குப்பமும் கருங்குழியும்

காலையில் ஆட்டோ பிடித்தோம். வயல், வாய்க்கால், தூரத்தில் நெய்வேலிப் புகைபோக்கிகள்.

1870-இல் வள்ளலார் வடலூரிலிருந்து மேட்டுக்குப்பத்துக்கு இடம் மாறினார். சித்தி வளாகம் என்று பெயர் வைத்த இந்தச் சிறிய கட்டடத்தின் முன் 1873 அக்டோபர் 22 அன்று மஞ்சளும் வெள்ளையுமான சன்மார்க்கக் கொடியை ஏற்றிவைத்து நீண்ட உபதேசம் ஒன்று செய்தார். 1874 ஜனவரி 30, தைப்பூசத்தன்று, ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். விளக்கை வெளியில் வைத்து அதை வழிபடச் சொல்லியிருந்தார். திரும்பி வரவில்லை. 1906-இல் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் எழுதிய தென்னாற்காடு மாவட்ட கெஸட்டியரில்கூட இந்த அறையைப் பற்றிய செய்தி பதிவாகியிருக்கிறது. நிலவரியும் நீர்ப்பாசனமும் எழுதவேண்டிய கெஸட்டியருக்குள் பூட்டிய ஓர் அறை வந்து உட்கார்ந்துவிட்டது.

அந்த அறையின் கதவுக்கு முன்னால் மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். தைப்பூசம் முடிந்த மூன்றாம் நாள் வடலூரிலிருந்து கருங்குழி வழியாகப் பல்லக்கு இங்கே வருகிறது, அன்றைக்குத்தான் திருவறை தரிசனம். மற்ற நாட்களில் சாத்திய கதவு, விளக்கு, உட்கார்ந்திருக்கிற ஆட்கள். உள்ளே என்ன ஆயிற்று என்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஊரில் ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள், சிலர் கோபமாகவும் வைத்திருக்கிறார்கள். கடைசிக் காலத்தில் அவர், ‘கடை விரித்தோம், கொள்வாரில்லை, கட்டிவிட்டோம்’ என்று சொன்னதாகச் சொல்வார்கள். கடைக்காரனான எனக்கு அந்தப் பேச்சு புரிகிறது. புரியாதது வேறு ஒன்று. கடை கட்டுகிறவன் முதல் வேலையாக அடுப்பைத்தான் அணைப்பான். விறகுச் செலவு மிச்சம். இவர் கதவைச் சாத்திக்கொண்டார், அடுப்பை எரியவிட்டுவிட்டார்.

இங்கிருந்து தீஞ்சுவை நீரோடை பக்கம்தான். பெரியம்மா ஒரு குப்பியில் தண்ணீர் பிடித்துக்கொண்டார்.

கருங்குழியில் அவர் தங்கியிருந்த ரெட்டியார் வீடு இருக்கிறது. அவருடைய பாடல்களில் பெரும்பகுதி பிறந்த இடம். தண்ணீரில் விளக்கெரிந்த அறை என்று காட்டுகிறார்கள். கதை இதுதான். எண்ணெய்க் கலயம் உடைந்துபோக, வீட்டு அம்மாள் புதுக் கலயம் ஒன்றை வாங்கி, பழக்குவதற்காகத் தண்ணீர் நிரப்பி அதே இடத்தில் வைத்துவிட்டு வெளியூர் போய்விட்டார். அடிகள் இரவு முழுக்க எழுதிக்கொண்டே, கலயத்தில் இருப்பது எண்ணெய் என்று நினைத்து விளக்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். விளக்கும் விடியும் வரை எரிந்தது.

அற்புதத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் மண் கலயத்தைப் பழக்குவது பற்றிப் பேசலாம். புது மண் பாத்திரம் எண்ணெயைக் குடித்துவிடும். தண்ணீர் நிரப்பி நாள் கணக்கில் வைத்தால்தான் மண் பசி அடங்கும், அதற்குப் பிறகு எண்ணெய் ஊற்றினால் கசியாது. அந்த அம்மாள் செய்தது சரியான காரியம். கதையைச் சொல்கிற எல்லோரும் விளக்கோடு நின்றுவிடுகிறார்கள், கலயத்தைக் கவனிப்பதில்லை. அங்கே தரிசனத்துக்கு வந்திருந்த ஒரு கிராமத்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். ‘அரிசி கழுவிய தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீக்கிரம் பழகும், தம்பி. மூன்றாம் நாள் ஒரு தடவை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வாடை பிடிக்கும்’ என்றார். அவரோடு கால் மணி நேரம் பேசினேன். அடியில் கொஞ்சம் கரி ஏறிய பிறகுதான் சட்டி சட்டியாகும் என்பதில் இருவருக்கும் ஒரே அபிப்பிராயம். பெரியம்மா பொறுமை இழந்து வாசலுக்குப் போய்விட்டார்.

மருதூருக்கு இந்த முறை நேரம் இல்லை. வடலூர் வந்து பண்ருட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினோம். பெரியம்மாவுக்கு இடம் கிடைத்தது. எனக்குப் பண்ருட்டி வரை நின்றுகொண்டே பயணம்.